பந்தயத்துக்கும் வாடகைக்கும் ஒரே பாய்மரப் படகு: எடைக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

கப்பல் வடிவமைப்பு படித்துவிட்டு வெளிநாட்டு வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, 30 மீட்டர் நீளத்தில் பாய்மரப் படகு வேண்டுமென்று ஒரு வாடிக்கையாளர் வந்திருக்கிறார். மார்ச் மாதம் கரீபியனில் நடக்கும் செயின்ட் பார்ட்ஸ் பக்கெட் பந்தயத்தில் ஓட வேண்டுமாம். கோடை முழுக்க மத்தியதரைக் கடலில் சொகுசு வாடகைக்கும் விட வேண்டுமாம். எங்கள் மூத்தவர் இது இரண்டுங்கெட்டானாகத்தான் முடியும் என்கிறார். உண்மையா? எங்கிருந்து தொடங்குவது?"

தம்பி, உங்கள் மூத்தவரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டுங்கெட்டானாகிப் போன படகுகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவற்றைக் கெடுத்தது சொகுசு அல்ல. எந்தப் பொருள் எத்தனை கிலோ, படகின் எந்த இடத்தில், எந்த உயரத்தில் என்ற கணக்கு கடைசிவரை யார் கையிலும் இல்லாமல் போனதுதான் கெடுத்தது. அதனால் உடல்வடிவத்தை வரையும் முன்பே எடைக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள்.

முதலில், வாடிக்கையாளர் எந்தப் பந்தயத்தைச் சொல்கிறார் என்று பாருங்கள். செயின்ட் பார்ட்ஸ் பக்கெட், பால்மாவின் சூப்பர்யாட் கப் போன்றவற்றில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத பெரிய படகுகள் மோதுகின்றன. ஒவ்வொரு படகையும் அளந்து, அது எந்தக் காற்றில் என்ன வேகம் போகும் என்று கணித்து, அதற்கேற்பச் சலுகை நேரம் தருவார்கள். பந்தயப் படகுகளை அளக்கும் விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஓ.ஆர்.சி., பெரும் படகுகளுக்கென்றே வைத்திருக்கும் விதி அதைத்தான் செய்கிறது. பக்கெட்டில் மெதுவான படகு முதலில் கிளம்பும், வேகமான படகு கடைசியில் கிளம்பும். கணிப்பு சரியாக இருந்தால் எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிவுக்கோட்டுக்கு வர வேண்டும். படகுகள் ஒன்றுக்கொன்று 40 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்ற பாதுகாப்பு விதியும் உண்டு. சிறிய படகுகளைப்போல உரசிக்கொண்டு திரும்பும் ஆட்டம் இங்கே இல்லை.

இதிலிருந்து வரும் முடிவைப் பலர் கவனிப்பதில்லை. 3 டன் கூடுதல் எடை அளவீட்டிலேயே பதிவாகிவிட்டால், அதற்கான சலுகையும் உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. அளந்த பிறகு ஏறிய எடைக்குச் சலுகை இல்லை. பாய் மாற்றுவதில் தொலைத்த 2 நிமிடத்துக்கும் இல்லை. ஆகவே உங்கள் படகு உலகிலேயே வேகமானதாக இருக்கத் தேவையில்லை. தனக்குக் கணித்த வேகத்தை ஒவ்வொரு நாளும் எட்டினால் போதும். வாடிக்கையாளரிடம் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். உள்ளறையா வேகமா என்ற சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இதற்கு வரலாறும் சாட்சி. 1973-74இல் நடந்த முதல் விட்பிரெட் உலகச் சுற்றுப் பந்தயத்தை வென்றது 'சயூலா 2'. மெக்சிகோக்காரர் ரமோன் கார்லின் வாங்கி ஓட்டிய அந்த ஸ்வான் 65, பின்லாந்தில் தொழிற்சாலை வரிசையில் கட்டப்பட்ட படகு. முறையான உள்ளறைகளோடு தெற்குப் பெருங்கடலைக் கடந்து, சலுகை நேரக் கணக்கில் முதலிடம் பெற்றது. பிறகு 1990களில் மொனாக்கோவிலிருந்து லூகா பஸ்ஸானி தன் வாலி படகுகளோடு வந்தார். தானாகவே பக்கம் மாறும் முன்பாய், கார்பன் பாய்மரம், தளத்துக்குக் கீழே மறைந்தோடும் கயிறுகள், பொத்தானை அழுத்தினால் வேலை செய்யும் ஹைட்ராலிக் என்று, பெரிய வேகமான படகைச் சிலரே ஓட்டலாம் என்று காட்டினார். இன்று கேப் டவுனின் சதர்ன் விண்ட், பின்லாந்தின் பால்டிக் போன்ற கட்டுமானத் தளங்கள் கட்டும் இந்த அளவுப் படகுகளில் அந்தப் பாதையைத் தெளிவாகப் பார்க்கலாம். எனவே நீங்கள் புதுப் பாதை போட வேண்டியதில்லை.

இனி கணக்குக்கு வருவோம். உங்கள் படகு 30 மீட்டர், நீர்க்கோட்டில் 28 மீட்டர், பந்தய நிலையில் 70 டன், எதிர்காற்றில் விரிக்கும் பாய் 500 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாய்ப்பரப்பை, படகு இடம்பெயர்க்கும் நீரின் கனஅளவின் மூன்றில் இரண்டு அடுக்கால் வகுத்தால் ஏறக்குறைய 30 வரும். நல்ல துடிப்பான படகு. அதே படகில் 10 டன் ஏற்றினால் அந்த எண் 27 ஆகிவிடும். பலத்த காற்றில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 7, 8 நாட் (மணிக்கு ஒரு கடல்மைல் ஒரு நாட்) மென்காற்றில் உடனே தெரியும். மத்தியதரைக் கடலின் கோடைக் காற்று பல நாட்கள் அப்படித்தான்.

மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்று போடுங்கள். முதல் பத்தியில் படகை விட்டு எப்போதும் இறங்காதவை. இரண்டாவதில் வாடகைக் காலத்தில் மட்டும் ஏறுபவை: ரப்பர் படகு, தண்ணீர் விளையாட்டுச் சாமான்கள், ஏணிப்பாலம், நிழல்துணிகள், மெத்தைகள், மதுப்புட்டிகள், நிறைந்த தண்ணீர்த் தொட்டி. மூன்றாவதில் பந்தயத்துக்கு மட்டும் ஏறுபவை: பந்தயப் பாய்கள், கயிற்றைச் சுற்றி இழுக்கும் கூடுதல் வின்ச், 25 மாலுமிகள். ஒருவர் 85 கிலோ என்றால் மாலுமிகள் மட்டுமே 2 டன்னைத் தாண்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் எடை, அணியத்திலிருந்து (படகின் முன்முனையிலிருந்து) தூரம், நீர்மட்டத்திலிருந்து உயரம் மூன்றையும் எழுதுங்கள். கட்டுமானம் முடியும்வரை வாரந்தோறும் அதை ஒருவர் சரிபார்க்க வேண்டும். முடிந்தால் அந்த ஒருவர் நீங்களாகவே இருங்கள், தம்பி. வேலை கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் அட்டவணை இருந்தது, சரிபார்க்க ஆள் இல்லை. உரிமையாளர் கல்பதித்த குளியலறை கேட்டார், கொடுத்தோம். இன்னொரு குளிர்பெட்டி கேட்டார், கொடுத்தோம். ஒவ்வொன்றும் 50 கிலோ, 100 கிலோதானே என்று தோன்றியது. தண்ணீரில் இறக்கிய நாளில் அணியம் வரைந்த கோட்டுக்குக் கீழே அமிழ்ந்து நின்றது. பின்புறத்தில் ஈயக்கட்டிகளை அடுக்கிச் சமன் செய்தோம். எடைக்கு எடை வைத்துச் சரிசெய்த அந்தக் காலைப்பொழுது இன்னும் எனக்கு வலிக்கிறது.

எடை எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம். இரு முனைகளில் இருக்கும் எடை படகை அலையில் தலையாட்ட வைக்கும். ஒவ்வொரு தலையாட்டலும் பாயிலிருந்து காற்றை உதறிவிடும். அதே ஆட்டம்தான் விருந்தினருக்குக் குமட்டலும் தரும். நங்கூரச் சங்கிலியையே எடுத்துக்கொள்ளுங்கள். 14 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு ஏறக்குறைய 4.4 கிலோ. 100 மீட்டர் என்றால் 440 கிலோ. அதை அணியத்தின் நுனியில் குவிக்காமல், குழாய் வழியாகப் பாய்மரத்தின் அடிவரை கொண்டுவந்து தரைமட்டத்தில் கிடத்துங்கள். குழாயின் சரிவு போதாவிட்டால் சங்கிலி சிக்கும் என்பதால் தொடக்கத்திலேயே அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். பின்முனையில் ரப்பர் படகுக்கான அறையும் இப்படித்தான். வாடகைக்கு அது அவசியம், கதவைத் திறந்தால் கடலோரத் திண்ணை கிடைக்கும். பந்தயத்துக்கு ரப்பர் படகை இறக்கிவிடலாம். ஆனால் கதவும் அதன் ஹைட்ராலிக் தண்டுகளும் இறங்காது. ஆகவே கதவை இலேசாகச் செய்யப் பணம் செலவழியுங்கள்.

உயரத்தில் இருக்கும் எடைக்கு ஒரு சிறு கணக்கு. கார்பன் பாய்மரத்தாலும் கார்பன் தாங்குகயிறுகளாலும் 500 கிலோ மிச்சமாகிறது என்று கொள்வோம். அதன் மையம் நீர்மட்டத்துக்கு மேல் 18 மீட்டர். படகின் அடியில் துடுப்புபோல் இறங்கி நிற்கும் கீலின் அடிக்குண்டு 4.5 மீட்டர் கீழே. 500ஐ 18ஆல் பெருக்கி 4.5ஆல் வகுத்தால் 2,000 கிலோ. மேலே அரை டன் குறைத்தால், சாய்வை எதிர்க்கும் திறன் குறையாமல் கீழே 2 டன் ஈயத்தைக் குறைக்கலாம், அல்லது ஈயத்தை அப்படியே வைத்துக் கூடுதல் பாய் விரிக்கலாம். பாய்மரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்ல இந்த ஒரு கணக்கு போதும்.

மேல்தளத்துத் தேக்கும் இதே கதைதான். 120 சதுர மீட்டர் தளத்தில் 10 மில்லிமீட்டர் தேக்கு பதித்தால் மரம் மட்டும் 780 கிலோ வரும். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களில் நாம் தொட்டுப் பார்க்கும் அந்தப் பர்மா தேக்குதான் படகுத் தளங்களிலும் காலங்காலமாக முதல் தேர்வு. 2021இல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் மியான்மரின் அரசு மரநிறுவனத்தின்மீது தடை விதித்தபின், அந்த மரத்தை நேர்வழியில் வாங்குவது மிகக் கடினமாகிவிட்டது. தோட்டத் தேக்கு, பதப்படுத்திய வேறு மரங்கள், தக்கை என்று மாற்றுகள் உண்டு. வெறுங்காலுடன் நடக்க இதமாகவும் இலேசாகவும் இருப்பதால் என் விருப்பம் தக்கை.

உள்ளறையில் கண்ணுக்குத் தெரிவது மேல்தோல் மட்டுமே. 20 மில்லிமீட்டர் பளிங்கு சதுர மீட்டருக்கு 54 கிலோ. 3 மில்லிமீட்டருக்குச் சீவி, தேன்கூட்டுப் பலகையில் ஒட்டினால் கல்லின் எடை 8 கிலோ. கைவைத்தால் குளிர்ச்சி அதேதான். மரவேலையும் அப்படியே, திண்ணமான பலகைக்குப் பதில் இலேசான உட்பொருளின்மேல் மெல்லிய மரத்தோல். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. கார்பன் உடலும் தேன்கூட்டுத் தடுப்புகளும் மத்தளத்தின் தோல்போல ஒலியைக் கடத்தும். பக்கத்து அறை இருமல், ஜெனரேட்டரின் முனகல், இரவில் உடலில் மோதும் சிற்றலை எல்லாம் தலையணைக்கே வந்துவிடும். வாரத்துக்குப் பெருந்தொகை கொடுத்து வந்தவர் முதல் இரவே தூங்கவில்லை என்றால் அந்தப் படகை மறுபடி எடுக்க மாட்டார்.

எடையைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய ஓரிடம் உண்டு என்றால் அது உறக்கம்தான். ஜெனரேட்டரை இரட்டை அதிர்வுத்தாங்கியில் வையுங்கள், தரைப்பலகைகளை ரப்பர்மேல் மிதக்கவிடுங்கள், படுக்கையறைத் தடுப்பில் கனமான ஒலித்தடுப்புப் படலம் வையுங்கள். சில நூறு கிலோ ஆகும். ஆகட்டும். அவை படகின் நடுவில், தாழ்வாக இருப்பதால் தொந்தரவு குறைவு. இரவு முழுக்கக் குளிர்சாதனம் மின்கலத்திலேயே ஓடும்படி லித்தியம் கலன்களைக் கீலுக்கு மேலேயே வைத்தால், ஜெனரேட்டரை அணைத்துவிட்டு அமைதியாகத் தூங்கலாம். தண்ணீரிலும் இதே சிந்தனை உதவும். 8 விருந்தினர், 6 பணியாளர், ஆளுக்கு நாளைக்கு 150 லிட்டர் என்றால் 2,100 லிட்டர். இரண்டு நாள் தண்ணீரைச் சுமப்பதைவிட, கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி இரண்டு வைத்துவிட்டு ஒரு நாள் தொட்டியோடு நிறுத்துங்கள். கருவி ஒன்றே இருந்து அது பழுதானால் பயணமே கெடும், அதனால்தான் இரண்டு.

மேல்தளத்தில் முதலில் கேட்க வேண்டியது விருந்தினரின் கைகள் எங்கே இருக்கும் என்பது. இந்த அளவுப் படகில் பாயை இழுக்கும் கயிற்றில் பல டன் விசை நிற்கும். அது அறுந்தாலோ நழுவினாலோ பக்கத்தில் குழந்தை இருக்கக் கூடாது. விருந்தினர் அமரும் பள்ளத்தை நடுவில் தனியாக வைத்து, கயிறுகளைத் தளத்துக்குக் கீழே கொண்டுபோய், மறைவான ஹைட்ராலிக் சுருளில் சேர்ப்பதே வழி. அந்த மறைசுருள்கள் பெரும்பாலும் மெதுவானவை, பந்தயக்காரர்கள் முணுமுணுப்பார்கள். ஹைட்ராலிக் பம்பைப் பெரிதாகத் தேர்ந்து, பந்தயத்தின்போது எஞ்சினிலிருந்தே விசை எடுக்கும் வசதி செய்யுங்கள். தளத்தில் இரண்டு வின்ச்சுகளுக்கான வலுவூட்டலை இப்போதே பதித்துவிடுங்கள். பந்தய வாரத்தில் அவற்றைப் பொருத்திக்கொள்ளலாம்.

பாய்களில் இரண்டு தொகுதி வேண்டும், இதில் சமரசம் பலிக்காது. வாடகைக்கு, தானாகப் பக்கம் மாறும் முன்பாய், சுருட்டி விரிக்கும் மென்காற்றுப் பாய், வெயில் தாங்கும் துணி. ஐந்தாறு பேர் ஓட்டினால் போதும். பந்தயத்துக்கு, பெரிய முன்பாயும் பலூன்பாய்களும். முதன்மைப் பாயின் தலையை அகலமாக்கும் ஆசை வரும். அகலமானால் பாய்மரத்தைப் பின்னாலிருந்து பிடிக்கும் நிலையான பின்தாங்கு கயிறு இடிக்கும், ஒவ்வொரு திருப்பத்திலும் மாற்றிப் பிடிக்கும் இரட்டைக் கயிறு தேவைப்படும். வாடகைப் பணியாளர்களுக்கு அது ஆபத்தான வேலை. நானாக இருந்தால் தலையைச் சற்றுக் குறுக்கிப் பின்தாங்கு கயிற்றை நிலையாக வைப்பேன். அதனால் இழக்கும் பரப்புக்கும் அளவீட்டில் சலுகை உண்டு.

சாய்வைப் பற்றியும் யோசியுங்கள். பந்தய மாலுமிக்கு 25 பாகை சாதாரணம். விருந்தினருக்கு 15 பாகையிலேயே கோப்பை நகரத் தொடங்கும். கூடத்தைப் பரந்த வெளியாக விடும் படங்கள் அழகாகத்தான் இருக்கும். சாய்ந்த தரையில் பிடிக்க எதுவுமில்லாமல் 4 மீட்டர் நடக்க வேண்டியவர் விழுவார். கைக்கு எட்டும் தூரத்தில் எப்போதும் ஒரு பிடி இருக்கட்டும். 2019இல் வந்த பால்டிக்கின் 'கனோவா', பக்கவாட்டில் நீளும் இறக்கை ஒன்றால் சாய்வைக் குறைக்கிறது. பந்தயத் தொழில்நுட்பத்தைச் சுகத்துக்காகத் திருப்பிய நல்ல யோசனை அது. 30 மீட்டருக்கு அந்தச் செலவும் சிக்கலும் தேவையா என்றால், தேவையில்லை என்பேன்.

கீலில் உங்கள் வாடிக்கையாளர் இரண்டையும் கேட்பார்: பந்தயத்துக்கு 5 மீட்டருக்கு மேல் ஆழம், துறைமுகத்தில் நுழைய மூன்றரை. ஏறி இறங்கும் கீல் அதைத் தரும். ஆனால் அதன் பெட்டி கூடத்தின் நடுவே எழுந்து நிற்கும், அதைச் சுற்றித்தான் அறைகளை அமைக்க வேண்டும். அதைவிட முக்கியம், கீல் தூக்கிய நிலையில் படகின் நிலைப்பு எவ்வளவு என்பது. 2024 ஆகஸ்ட் 19 அன்று சிசிலியின் போர்ட்டிசெல்லோ அருகே நங்கூரமிட்டிருந்த 56 மீட்டர் 'பேயசியன்' மூழ்கியதில் 7 பேர் இறந்தார்கள். பிரிட்டனின் கடல்விபத்து விசாரணைப் பிரிவு 2025 மே மாத இடைக்கால அறிக்கையில் ஒரு கணக்கைக் கொடுத்தது. பாய்கள் இறக்கி, நடுக்கீலைத் தூக்கிய நிலையில், பக்கவாட்டில் 63.4 நாட்டுக்கு மேல் வீசும் காற்று அந்தப் படகைக் கவிழ்க்கப் போதுமானதாக இருந்திருக்கலாம். அந்த நிலையில் அது மீண்டெழக்கூடிய எல்லை 70.6 பாகைதான். இந்த விவரம் படகிலிருந்த நிலைப்புக் கையேட்டில் இல்லை என்பதுதான் என்னை உலுக்கியது. மாலுமிகளுக்குத் தெரிய வழியே இல்லை.

வாடகைப் படகு தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கீல் தூக்கி, பாய் மடித்து, கதவுகள் திறந்து நங்கூரத்தில்தான் கழிக்கிறது. ஆகவே பாய் விரித்த நிலைக்கு மட்டும் கணக்குப் போட்டு நிறுத்தாதீர்கள். கீல் மேலே, தொட்டிகள் ஏறக்குறைய காலி, ரப்பர் படகு தளத்தின்மேல் என்ற மோசமான நிலைக்கும் போடுங்கள். காற்றோட்டக் குழாய்களின் வாய் எந்தச் சாய்வில் நீரில் முங்கும் என்பதை ஒவ்வொன்றாகப் பாருங்கள், அவற்றை நடுக்கோட்டுக்கு அருகே கொண்டுவாருங்கள். பிரிட்டிஷ் கொடியின்கீழ் பதிவாகும் படகுகளுக்கான கொடிக் குழுவின் யாட் விதிகள் ஒற்றை உடல் பாய்ப்படகு 90 பாகைவரை மீண்டெழ வேண்டும் என்று பொதுவாக எதிர்பார்க்கின்றன. எந்த நிலையிலும் அதற்குக் கீழே இறங்காதீர்கள். கீல் தூக்கினால் அது கிடைக்காதென்றால், கீலைத் தூக்கும் உயரத்தைக் குறையுங்கள். ஓரிரு துறைமுகங்களை இழப்பது பெரிதல்ல.

விதிகளில் இன்னும் இரண்டு. விருந்தினர் 12 பேரைத் தாண்டினால் அது பயணிகள் கப்பலாகிவிடும், எனவே 8 முதல் 10 பேருக்கான நான்கைந்து அறைகளோடு நிறுத்துங்கள். பெரிய யாட் விதிகள் பொருந்தத் தொடங்கும் 24 மீட்டர் என்ற வரம்பு முழு நீளத்துக்கானது அல்ல, விதிப்படி கணக்கிடும் சுமைக்கோட்டு நீளத்துக்கானது. 30 மீட்டர் படகு பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டிவிடும். நீர்புகாத் தடுப்புகள், ஒவ்வொரு தங்கும் பகுதியிலிருந்தும் இரண்டு வெளியேறும் வழிகள், எஞ்சின் அறைத் தீத்தடுப்பு ஆகியவற்றை வரைபடத்தின் முதல் நாளிலேயே போடுங்கள். பிறகு நுழைத்தால் ஒவ்வொன்றும் எடையாகத்தான் வரும்.

உடல்வடிவத்தைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. நான் சொன்ன நீர்க்கோட்டில் அகலம் 6 மீட்டர் என்றால், நீர்மட்டப் பரப்பு 114 சதுர மீட்டர் அளவில் வரும். 1.2 டன் ஏறினால் படகு ஒரு சென்டிமீட்டர் அமிழும். வாடகைக்கான 8 டன் ஏறினால் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். அந்த 7 சென்டிமீட்டரில் அகலமான பின்முனை நீரில் முங்கினால், மென்காற்றில் படகு தன் பின்னால் தண்ணீரை இழுத்துக்கொண்டே போகும். ஆகவே பின்முனையைச் சுமை ஏறிய நிலையிலும் நீருக்கு மேலே நிற்கும்படி வரையுங்கள். எவ்வளவு மேலே என்பதைச் சொல்ல அந்த மூன்று பத்தி அட்டவணை வேண்டும். அதை நிரப்பிவிட்டு எழுதுங்கள் தம்பி, கீலின் ஆழத்தை அப்போது எண்களோடு பேசுவோம்.